சாளை வீட்டைப் பெரிதாக்குமுன்...



வீட்டை அமைதி தரும் உறைவிடமாக ஆக்கியது அல்லாஹ் தன் அடியார்களுக்கு வழங்கிய அருட்கொடைகளுள் ஒன்று எனத் திருமறை (16:80) நமக்கு நினைவூட்டுகிறது. அந்த அமைதி மாடமாளிகையில்தான் கிட்டும் என்று அது கூறவில்லை. கால்நடைகளின் தோலால் ஆன கூடாரங்களையும் அதே வசனம் அருட்கொடையாகவே எண்ணிக் காட்டுகிறது. இக்கருத்தை மனத்தில் இருத்திக்கொண்டு, நம் பகுதியில் பல குடும்பங்கள் இன்று எதிர்நோக்கும் ஒரு கேள்வியைச் சிந்திப்போம். மாடு கட்டியிருந்த சாளையை வீடாக்கி வாழ்கிறோம், குடும்பம் பெருகிவிட்டது, இடம் போதவில்லை. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா? இருப்பதோடு கூட்டிக் கட்டுவதா?

தாராபுரத்தைச் சுற்றியுள்ள மூலனூர், குண்டடம், அலங்கியம் பக்கத்துச் சிற்றூர்களை அறிந்தவர்களுக்குத் தோட்டத்துச் சாளையை வருணிக்கத் தேவையில்லை. மழை குறைந்த இந்தச் சீமையில் கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடுகளும், அவற்றில் மேயும் காங்கேயம் மாடுகளுமே ஒரு காலத்தில் குடும்பத்தின் செல்வமாக இருந்தன. அந்த மாடுகளுக்காகவும், சோளத்தட்டு, கடலைக்கொடி ஆகிய தீவனங்களுக்காகவும் எழுந்தவை சாளைகள். கல்லும் மண்ணும் கொண்டு எழுப்பிய கனத்த சுவர், பனங்கை மரம், ஓட்டுக் கூரை, தீவனம் அடுக்கப் பரண், வண்டி நுழையுமளவு அகன்ற வாசல் என அவற்றின் அமைப்பு எளிமையானது.

கிணறுகள் வற்றின. மாடுகள் குறைந்தன. ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கு இளைஞர்கள் பேருந்தேறத் தொடங்கினர். வெறுமையான சாளைகளில் தளம் போட்டு, நடுவே தடுப்புச் சுவர் வைத்து, மூலையில் அடுப்படி அமைத்துப் பல குடும்பங்கள் குடியேறின. இன்று அவ்வீடுகளில் மகனுக்குத் திருமணம் ஆகிறது. மருமகளுக்கு ஓர் அறை வேண்டும். பத்து வயதை எட்டிய பிள்ளைகளின் படுக்கையைப் பிரித்து வையுங்கள் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அறிவுரை. ஒரே கூடமாக இருக்கும் சாளையில் அதை எவ்வாறு நிறைவேற்றுவது? எனவே இடம் வேண்டும் என்ற விருப்பம் ஆடம்பரமன்று, நியாயமான தேவை.

எனினும் அத்தேவையை நிறைவேற்றும் வழியில்தான் பலர் இடறுகின்றனர். சிலர் சாளையை அடியோடு இடித்துவிட்டுக் கான்கிரீட் வீடு தொடங்குகின்றனர். சுவர் எழுமுன் கைப்பணம் கரைந்து போகிறது. மீதிக்கு வட்டிக் கடன்! பனியன் கம்பெனி வேலையோ ஆர்டரை நம்பியது. ஆர்டர் குறைந்த மாதத்திலும் வட்டி குறைவதில்லை. வேறு சிலர் இடிப்பதில்லை. ஆனால் சாளையின் முகப்பை மறைத்து ஒரு கான்கிரீட் பெட்டியை ஒட்டவைக்கின்றனர். இரண்டு மழைக்காலம் கழிந்ததும் இணைந்த இடத்தில் வெடிப்பு, ஒழுக்கு, உவர். இவ்விரண்டுக்கும் நடுவே செம்மையான வழி ஒன்று உண்டு.

மஸ்ஜிதுந் நபவி காட்டும் வழி

நம் மார்க்க வரலாற்றின் மிகச் சிறந்த கட்டடமும் விளைபொருளுக்குரிய ஓர் இடத்தில் எழுந்ததுதான். ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த அண்ணலார் (ஸல்) அவர்களின் ஒட்டகம் மண்டியிட்ட இடம், பேரீச்சம் பழங்களை உலர்த்தும் களம். அது ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரு அநாதைச் சிறுவர்களுக்கு உரியது. அச்சிறுவர்கள் இலவசமாகவே தர முன்வந்தனர். பெருமானார் (ஸல்) அவர்கள் அதை அன்பளிப்பாக ஏற்க மறுத்து, விலை கொடுத்து வாங்கிய பின்னரே பள்ளிவாசல் கட்டத் தொடங்கினார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். முதற்கல் வைக்குமுன்பே உரிமை தீர்க்கப்பட்டது என்பதை இங்கே கவனியுங்கள்.

அப்பள்ளியின் சுவர் பச்சைச் செங்கல். தூண்கள் பேரீச்ச மரங்கள். கூரை பேரீச்ச மட்டைகள். மக்கள் பெருகியபோது ஹிஜ்ரி 7இல், கைபர் போருக்குப் பின், அது விரிவாக்கப்பட்டது. ஹஸ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் தம் காலத்தில் எதையும் கூட்டவில்லை. ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 17இல் விரிவாக்கியபோது, பச்சைச் செங்கல்லும் பேரீச்ச மட்டையுமாக முன்பிருந்த பாங்கிலேயே கட்டினார்கள். தூண்களுக்கு மட்டும் மரம் பயன்பட்டது. மக்களை மழையிலிருந்து காத்தால் போதும், சிவப்பும் மஞ்சளும் பூசித் தொழுவோரின் கவனத்தைச் சிதறடிக்க வேண்டாம் என்பது கட்டுவோருக்கு அவர்கள் இட்ட கட்டளை.

பின்னர் ஹிஜ்ரி 29இல் ஹஸ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் செதுக்கிய கல்லும் காரையும் கொண்டு சுவர் எழுப்பித் தேக்கு மரத்தால் கூரை வேய்ந்தார்கள். ஆகவே பழைய பொருளைத் தொடவே கூடாது என்பது நம் முன்னோரின் நிலையன்று. தேவைக்குக் கூட்டினார்கள், காலத்துக்கேற்ப மாற்றினார்கள். ஆயினும் என்ன கூட்டுகிறோம், எதற்காகக் கூட்டுகிறோம் என்று அறிந்தே செய்தார்கள். நம் சாளைக்கும் இதே ஒழுங்கு பொருந்தும்.

முதலில் உரிமையைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

சாளை உங்கள் தந்தையாரிடமிருந்து வந்ததாயின், அதில் உங்கள் சகோதரிகளுக்கும் தாயாருக்கும் பங்கு உண்டு. சிறிதாயினும் பெரிதாயினும் பெண்களுக்கும் பங்குண்டு என்று திருமறை (4:7) விதித்துள்ளது. "தோட்டத்து நிலம்தானே, அதில் பெண்களுக்கு ஏது?" என்று சொல்பவர்கள் இன்றும் உளர். 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது உண்மையே. ஆனால் 1949இல் சென்னை மாகாணம் கொணர்ந்த திருத்தம் அந்த விலக்கை நீக்கிவிட்டது. எனவே மார்க்கப்படியும் நாட்டுச் சட்டப்படியும் தோட்டத்திலும் அதிலுள்ள சாளையிலும் பெண்மக்களுக்குப் பங்கு உண்டு.

பாகம் பிரிக்காத இடத்தில் ஒரு மகன் தன் சம்பாத்தியத்தில் இரண்டு அறைகளைக் கூட்டிக் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டு கழித்துப் பங்கு பிரிக்கும் நாளில், புதிய அறைகள் யாருக்கு என்ற கேள்வி எழும். உடன்பிறந்தோர் முகம் பார்க்காமல் போவது இப்படித்தான். கட்டத் தொடங்குமுன் உட்கார்ந்து பேசுங்கள். சகோதரியின் பங்கை நிலமாகவோ பணமாகவோ கொடுத்துவிடுங்கள். தவணையில் கொடுப்பதாயின் சாட்சிகளோடு எழுதிக்கொள்ளுங்கள். கடனை எழுதி வைக்குமாறு 2:282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. விட்டுக்கொடுப்பதாகச் சகோதரி சொன்னால், அது மனமுவந்த சொல்லா, அண்ணன் முகத்துக்கு அஞ்சிய சொல்லா என்பதையும் எண்ணிப் பாருங்கள். அந்த அநாதைச் சிறுவர்கள் விரும்பித் தர முன்வந்தும் அண்ணலார் (ஸல்) அவர்கள் விலை கொடுத்தார்கள் அல்லவா?

அண்டை வீட்டாரின் உரிமையும் உண்டு. புதிய இறவாணத்தின் தண்ணீர் அவர் நிலத்தில் விழலாகாது. புதிய ஜன்னல் அவர் வீட்டுப் பெண்கள் புழங்கும் இடத்தை நோக்கித் திறக்கலாகாது. வண்டித்தடத்தை மறிக்கலாகாது. ஊராட்சியில் கட்டட அனுமதி பெறுவதும் உரிமையைச் சார்ந்ததே. தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2019இல் தொகுத்து வெளியிடப்பட்டுள்ளன.

பழைய கட்டடத்தைப் படியுங்கள்

அடுத்து, கொத்தனாரை அழைக்குமுன் நீங்களே சாளையைச் சுற்றி வந்து பாருங்கள். ஒரு மழைக்காலம் முழுவதும் கவனிப்பது மிக நன்று. தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த ஓடு ஒழுகுகிறது, எந்தச் சுவர் நனைகிறது என்பதைக் குறித்து வையுங்கள். பனங்கை மரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். வைரம் பாய்ந்த பனை கணீரென ஒலிக்கும். கறையான் தின்றது மந்தமாக ஒலிக்கும். பழுதானதை மட்டும் மாற்றினால் போதும். சுவருக்குள் பதிந்திருக்கும் நுனிகளையே முதலில் சோதியுங்கள். ஈரம் முதலில் தாக்குவது அங்கேதான்.

மாடு கட்டிய கட்டடத்துக்கென்று தனியான நோய் ஒன்று உண்டு. பல்லாண்டுகளாக மாட்டுக் கோமியம் ஊறியதால் தரையிலும் சுவரின் அடிப்பகுதியிலும் உப்பு ஏறியிருக்கும். வெடியுப்புக் காய்ச்சியவர்கள் முற்காலத்தில் தொழுவத்து மண்ணைத் தேடிச் சென்றது இதனால்தான். இந்த உப்பு ஈரத்தை இழுக்கும், சுவரில் வெண்மையாகப் பூக்கும், பூச்சை உதிர்க்கும். இதைக் கண்டு பலர் சிமெண்ட் பூசி மறைக்கின்றனர். சிமெண்ட் பூச்சு ஈரத்தை வெளியே விடாது. உள்ளே அடைபட்ட ஈரம் மேலேறி மண் சுவரையே கரைக்கும்.

இதற்கு மருந்து வேறு. கட்டுத்தரையாக இருந்த பகுதியில் தளத்தைப் பெயர்த்து, உப்பேறிய மண்ணை ஓரடி, ஒன்றரையடி ஆழத்துக்கு வெட்டி அகற்றிப் புதுமண் நிரப்புங்கள். அந்த மண் தென்னைக்கு நல்ல எரு. சுவரின் அடியில் சுண்ணாம்புக் காரையை மெலிதாகப் பூசிக் காயவிடுங்கள். அது உப்பை உறிஞ்சிக்கொண்டு உதிரும். உதிர்ந்ததைச் சுரண்டிவிட்டு மீண்டும் பூசுங்கள். இரண்டு மூன்று முறைக்குப் பின் உப்பு தணியும். பிறகே இறுதிப் பூச்சு.

எங்கே, எவ்வாறு கூட்டுவது?

சாளையின் தனித்தன்மை நான்கு அங்கங்களில் அடங்கியுள்ளது: நீண்ட ஒற்றைக் கூரை, அகன்ற வாசல், உயர்ந்த உட்கூடம், கனத்த சுவர். இந்நான்கையும் கெடுக்காத இடத்தில் புதிய பகுதியை அமையுங்கள். முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்புறமோ பக்கவாட்டிலோ கட்டுங்கள். அகன்ற வாசலைச் சுவர் வைத்து அடைக்க வேண்டாம். அதே அளவில் மரச் சட்டமிட்டு, பாதி கதவும் பாதி ஜன்னலுமாக ஆக்கினால் வெளிச்சம் கூடத்தை நிறைக்கும். உயர்ந்த கூடத்தை முழுதும் அறைகளாகத் தடுத்துவிடவும் வேண்டாம். படுக்கையறைகள் புதிய பகுதிக்குச் செல்லட்டும். குடும்பம் கூடி உண்ணவும், ஜமாஅத்தாகத் தொழவும், வந்த விருந்தினரை அமர்த்தவும் பழைய கூடம் அப்படியே இருக்கட்டும்.

மேற்குச் சுவரில் புதிதாக வாய் திறப்பதில் எச்சரிக்கை தேவை. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்றின் வேகம் நம்மவர் அறியாததன்று. பழைய சாளைகளில் மேற்குப் பக்கத்தை இறுக அடைத்துக் கட்டியிருப்பது இக்காற்றுக்காகவே. இங்கே கல்நார் ஷீட்டோ தகரமோ போட்டு இறக்கிய சாய்ப்புகள் காற்றில் பிடுங்கப்படுவதைக் காண்கிறோம். கல்நார்த் தூள் நுரையீரலுக்குப் பெருங்கேடு என்பதையும் மறவாதீர்கள்.

புதிய கூரை பழைய கூரையைவிடத் தாழ்ந்திருக்கட்டும். பழைய இறவாணத்தின் கீழே சாய்ப்பாக இறக்குவது எளிது. அதற்கு உயரம் போதாவிடில், இரண்டுக்கும் நடுவே ஐந்தாறு அடி அகலத்தில் ஒரு சிறு இணைப்பு நடை அமைத்து, அப்பால் தனிக் கூரையோடு அறைகளைக் கட்டுங்கள். இரு கூரைகள் சேரும் கூடுவாய்தான் ஒழுக்கின் பிறப்பிடம். இணைப்பு நடை வைத்தால் அந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

அடித்தளம் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய சுவர் பல்லாண்டு இருந்து, இறங்கவேண்டிய அளவு இறங்கி நிலைத்துவிட்டது. புதுச்சுவர் இனிமேல்தான் இறங்கும். இரண்டையும் கல்லுக்குக் கல் பின்னிக் கட்டினால் புதியது இறங்கும்போது பழையதையும் இழுத்துப் பிளக்கும். ஆகவே ஒரு விரற்கடை இடைவெளி விட்டுத் தனித்தனியே நிற்க விடுங்கள். இடைவெளியை மேலே தகரப் பட்டையால் மூடிக்கொள்ளலாம். பழைய சுவரை ஒட்டி அதன் கடைகாலைவிட ஆழமாக வானம் தோண்டவே கூடாது. கரிசல் மண்ணாயின் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். அது மழையில் பருத்துக் கோடையில் சுருங்கி வெடிக்கும். அங்கே பொறியாளரின் ஆலோசனையின்றிக் கடைகால் போடாதீர்கள்.

பழைய சுவரில் வழி வேண்டுமாயின் புதிதாக உடைக்காமல், இருக்கும் ஜன்னலின் அடிச்சுவரை அறுத்து இறக்கி வாசலாக்குங்கள். மேலே உத்திரம் ஏற்கெனவே பாரம் தாங்கி நிற்பதால் சுவருக்கு அதிர்ச்சி இல்லை. கழிப்பறையைக் கூட்டும்போது கிப்லாவையும் கணக்கிடுங்கள். தாராபுரத்தில் கிப்லா நேர்மேற்கிலிருந்து ஏறத்தாழ 21 டிகிரி வடக்கே சாய்ந்துள்ளது. அத்திசையை முன்னோக்கியோ பின்னோக்கியோ அமராதவாறு இருக்கையை வைக்கச் சொல்லுங்கள்.

புதுச்சுவரைச் செங்கல்லில் கட்டலாம், தவறில்லை. அதைப் பழைய சுவர்போல் நடிக்க வைக்கத் தேவையில்லை. ஓடும் கூரைச் சரிவும் சுண்ணாம்பு வெள்ளையும் ஒன்றாயிருந்தால் இரண்டும் உறவாகிவிடும். ஓட்டில் ஒரு நுணுக்கம்: பழைய ஓடுகளைத் தெருவிலிருந்து தெரியும் பக்கத்துக்கும், புதியவற்றைப் பின்பக்கத்துக்கும் பயன்படுத்துங்கள்.

கொடுங்கல்லூர் கற்பித்த பாடம்

கூட்டிக் கட்டுவதில் நேரும் பிழைக்கும், அதைத் திருத்தும் வழிக்கும் நம் கண்முன் ஒரு பெரும் சான்று உள்ளது. கொடுங்கல்லூர் சேரமான் ஜும்ஆ பள்ளிவாசல் கி.பி. 629இல் எழுந்தது என்பது மரபு. ஓட்டுக் கூரையும் மர வேலைப்பாடும் கொண்ட கேரளப் பாணியிலான அப்பள்ளியில், தொழுவோர் பெருகியதால் 1974இல் முன்பகுதியை அகற்றிப் புதுக் கட்டடம் சேர்த்தனர். பின்னரும் கான்கிரீட் கட்டுமானங்கள் கூடின. உட்புறப் பழம்பகுதி தப்பியது; ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பழைய பள்ளி தெரியாமலே போயிற்று.

அண்மை ஆண்டுகளில் முசிறி மரபுத் திட்டத்தின்கீழ், கட்டடக் கலைஞர் பென்னி குரியாக்கோஸின் வழிகாட்டலில் அந்தப் பிற்காலக் கட்டுமானங்களை நீக்கிப் பழைய தோற்றத்தை மீட்டனர். தொழுவோர் பெருகிய உண்மை மாறவில்லையே, அவர்களுக்கு இடம்? நிலத்துக்கு அடியில் தொழுகைக் கூடம் அமைத்தனர். தேவையும் நிறைவேறியது, பழமையும் மறையவில்லை. ஆயினும் முதலில் சேர்த்ததற்கும் செலவு, பின்னர் நீக்கியதற்கும் செலவு. ஒரு பெரிய பள்ளிவாசல் அதைத் தாங்கும். நம் வீடுகள் தாங்குமா?

கைப்பணத்துக்குள் கட்டலாம்

கூட்டிக் கட்டும் முறையின் தலையாய நன்மை இதுதான்: அது பொறுமைக்கு இடம் தருகிறது. இடித்த வீட்டை உடனே கட்டியாக வேண்டும்; இல்லையேல் வாடகை வீடு. சாளை நிற்கும்போது குடும்பம் அதில் இருந்துகொண்டே வேலையைப் பகுதி பகுதியாகச் செய்யலாம். இவ்வாண்டு கூரைப் பழுதும் உப்பு நீக்கலும். அடுத்த ஆண்டு கடைகாலும் ஓர் அறையும். அதற்கடுத்த ஆண்டு மற்றோர் அறையும் கழிப்பறையும். கம்பெனியில் போனஸ் வந்த மாதம் ஓடு வாங்கலாம். ஆர்டர் குறைந்த மாதம் வேலையை நிறுத்தி வைக்கலாம். நின்ற வேலைக்கு எவரும் வட்டி கேட்க மாட்டார். ஊர் ஜமாஅத்தில் பைத்துல்மால் இருந்து வட்டியில்லாக் கடன் தருமாயின், ஓர் அறைக்கான தொகையைத் திருப்பிச் செலுத்துவதும் எளிது.

"அக்கம்பக்கத்தில் எல்லாரும் மாடி கட்டிவிட்டார்கள், நாம் மட்டும் சாளையில் இருப்பதா?" என்ற பேச்சு வீட்டில் எழலாம். பெண்பார்க்க வருவோர் என்ன நினைப்பார்கள் என்ற கவலையும் எழலாம். அப்போது ஒரு சித்திரை நண்பகலில் கான்கிரீட் தளத்தின் கீழும், ஓட்டுக் கூரையின் கீழும் சற்று நேரம் அமர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். கடனில்லாத வீட்டில் கண்ணுறங்கும் சுகத்தையும் அதோடு எடுத்துரையுங்கள். சம்பந்தம் தேடி வருவோர் விசாரிக்க வேண்டியவை மார்க்கப் பற்றும் ஒழுக்கமுமே என்பதை இரு வீட்டாருக்கும் நினைவூட்டுவது நம் கடமை.

எனவே, அன்புச் சகோதர சகோதரிகளே, கடப்பாரையைக் கையில் எடுக்குமுன் உங்கள் உடன்பிறந்தோரை அழைத்து அமருங்கள். பங்கைப் பேசி முடியுங்கள். பிறகு ஒரு மழைக்காலம் பொறுத்துச் சாளையைக் கவனியுங்கள். அதன்பின் பிஸ்மில்லாஹ் சொல்லி ஓர் அறையைத் தொடங்குங்கள். உங்கள் இல்லங்களை அல்லாஹ் விசாலமாக்கி, அவற்றில் பரக்கத்தும் நிம்மதியும் அருள்வானாக! ஆமீன்.